நூலிகளுக்கு இரை

குதிரைக்கல் முகாம்
6 ஜூலை 2025

ஏட்டி அக்‌ஷயா,

இந்தக் கடிதத்தையும் தெர்மாஸ் பெட்டியையும் கொண்டுவந்திருப்பது விவேக். எங்களோடு ஒரு வருஷம் காட்டில் வேலை செய்தவன், அங்கே மேற்படிப்புக்கு வருகிறான். முதலில் அவனுக்கு ஒரு காபி கொடு. இரண்டு நாள் ரயிலில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பான்.

பெட்டிக்குள் பதினொரு குப்பி இருக்கும். குப்பிக்கு ஒரு லார்வா. நாம் மூன்று வருஷமாகத் தேடிய ஊசித்தும்பி, நம் நூலியின் லார்வாக்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஓடையில் இன்னும் நாலு வகை ஊசித்தும்பி இருக்கிறது. லார்வாவின் முகத்தைப் பார்த்து இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எவருக்கும் தெரியாது. இறக்கை விரித்து வெளியே வந்தால்தான் தெரியும்.

கிடைத்த கதையைக் கேள். போன வாரம் ஒரு பெண் நூலியைப் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, கறுப்பு நூலில் கணுவுக்குக் கணு வெள்ளை முடிச்சுப் போட்டதுபோல் உடம்பு. இருட்டில் தொங்கும், கிட்டே போனால் இரண்டடி தள்ளித் தொங்கும், அவ்வளவுதான் அதன் வீரம். அது ஓடைக்கு வரவில்லை. ஓடைக்கு மேலே தண்ணீர் கசிகிற பாறைக்குப் போய், பாசிக்குள் வாலைச் செருகி முட்டை வைத்தது. பாறையடிச் சரளையைக் கிளறினேன். நாம் மூன்று வருஷமும் தப்பான தண்ணீரில் தேடியிருக்கிறோம்.

இங்கே மழையில் கரண்டு கிடையாது. நீ ஏசி அறையில் இருக்கிறாய், மைக்ராஸ்கோப் உன்னிடம் இருக்கிறது. அட்டைக்கு ரத்தம் கொடுக்கும் வேலை எனக்கு, வளர்க்கும் வேலை உனக்கு. சேர்த்துப் போடாதே, ஒன்றையொன்று தின்றுவிடும். தண்ணீர் இருபத்துநாலு டிகிரியைத் தாண்டக் கூடாது.

டவர் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. வாட்ஸ்அப் போட்டால் ஒரே டிக்தான் விழும். தேயிலைத் தோட்டத்துத் தபால் பை செவ்வாயும் வெள்ளியும் மலை இறங்குகிறது. கடிதம் எழுது.

செல்வராணி


லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
19 ஜூலை 2025

ராணிக்கு,

பவானிபூரில் பிறந்து அம்மாவிடம் தமிழ் படித்தவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே.

பதினொன்றில் ஒன்பதுதான் இருக்கிறது. திட்டுவதற்கு முன்னால் கேள். ஞாயிற்றுச் சந்தையில் மீனுக்குப் போடுகிற செம்புழு வாங்கிக் கொடுத்தேன். எந்தச் சாக்கடையில் வளர்ந்ததோ, அதைத் தின்ற இரண்டும் மறுநாளே வயிற்றைக் காட்டி மிதந்தன. இனி அதைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு என்ன கொடுப்பது?

நான் இருப்பது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் பரமசிவமும் அவர் மனைவி ராஜலக்ஷ்மி அக்காவும். அவருக்கு லேக் மார்க்கெட் பக்கம் டிபன் கடை. அக்காதான் தன் காலி ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காய வைத்துக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு லார்வாவும் ஒரு பாட்டிலில் இருக்கிறது. நான் ஜாதவ்பூரில் வேலையில் இருக்கும்போது அக்கா வந்து தண்ணீர்ச் சூடு பார்க்கிறார். நேற்று ஒன்று கீழுதட்டை நீட்டி இரையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டாளத்துக்கு வாயி முழ நீளமில்ல இருக்கு" என்றார்.

அறையில் நாள் முழுக்க ஏசி ஓடுகிறது. ஜூலையில் கம்பளி போர்த்தித் தூங்குகிற ஒரே கல்கத்தாக்காரி நான்தான்.

அக்‌ஷயா


குதிரைக்கல்
29 ஜூலை 2025

அக்‌ஷயா,

திட்ட எனக்குத் தெம்பில்லை. இருபத்துநாலாம் தேதி மலை சரிந்தது. முகாமுக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன். அந்தக் கசிவுப் பாறை இல்லை. அதன்மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு மண், வேரோடு சாய்ந்த மரங்கள். மரம் போனதால் ஓடைக்கு நேரே வெயில் விழுகிறது. வெயில் விழுகிற இடத்தில் நூலி நிற்காது. ஐந்து நாளாகத் தேடுகிறேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வேறு கசிவுப் பாறை எங்காவது இருக்கும். இருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு எனக்குத் தெரிந்து மிச்சம் உன் ஊறுகாய் பாட்டில்தான். அந்த ஒன்பதில் ஒன்றாவது இறக்கை விரித்தால், நூலி கசிவுப் பாறையில்தான் வளர்கிறது என்று காட்டலாம். காட்டினால், மிச்சமிருக்கிற பாறைகளை விட்டுவைக்கச் சொல்லி வனத்துறையிடம் வாய் திறக்கலாம். இல்லாவிட்டால் நான் கனவு கண்டவள்.

இரைக்குச் செம்புழு வேண்டாம். கொசுப்புழு வளர்த்துக் கொடு. ஒரு வாளி சுத்தமான தண்ணீர் போதும், தானே வரும். மேலே வலை கட்டு. கூட்டுப்புழு ஆனதைத் தினமும் கரண்டியால் எடுத்துக் கொட்டிவிடு. அது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செல்வராணி


லேக் கார்டன்ஸ்
12 ஆகஸ்ட் 2025

ராணி,

ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன. கொசுப்புழு அமிர்தமாக இருக்கிறது அவற்றுக்கு. மொட்டைமாடிப் பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கியிருந்ததை வடிகட்டி, குளியலறை வாளியில் வளர்க்கிறேன். வலையை ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறேன். ஐந்தாம் பாட்டில் தோலுரித்துவிட்டது, இறக்கை மொட்டு தெரிகிறது.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. நேற்று டெங்கு பார்க்க மாநகராட்சி வார்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மழைக்காலம் முழுக்க வீடு வீடாக வந்து, தேங்கிய தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் கொட்டுவார்கள், மருந்து ஊற்றுவார்கள். நான் மேலே கட்டிலில் உட்கார்ந்து படிக்கட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது பாட்டில், ஒரு வாளி. மருந்து ஒரு சொட்டு பட்டாலும் எல்லாம் முடிந்தது.

ராஜலக்ஷ்மி அக்கா படியிலேயே மறித்து, மாடியில் ஆள் இல்லை, பூட்டியிருக்கிறது என்று பெங்காலியில் சொல்லி அனுப்பிவிட்டார். நான் அவரிடம் கேட்கவே இல்லை. பிறகு மேலே வந்து, "ஏம்மா பயப்படுற? உன் பட்டாளத்த யாரும் தொட மாட்டாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தெருமுனை வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்கிறார்கள்.

அக்‌ஷயா


லேக் கார்டன்ஸ்
24 ஆகஸ்ட் 2025

ராணி,

உன் பதில் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பதினாறாம் தேதி மழை கொட்டியது. ஜாதவ்பூரில் இடுப்பளவு தண்ணீர். ஒரு தோழி வீட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை வந்து குளியலறையைத் திறந்தால், ரப்பர் பட்டை அறுந்து வலை வாளிக்குள் சரிந்து கிடக்கிறது. தண்ணீரின் மேல் காலித் தோல்கள். கொசு வெளியேறும்போது விட்டுவிட்டுப் போகிற கூட்டுப்புழுத் தோல். உட்கார்ந்து எண்ணினேன். நூற்றைம்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. குளியலறை ஜன்னல் திறந்தே இருந்தது.

வாளியில் மிச்சமிருந்த புழு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதல் நாளே வைத்துப் பார்த்திருக்க வேண்டியது. ஆறு வருஷம் பூச்சி படித்தவள், இரை என்று நினைத்ததால் அது என்ன பூச்சி என்று பார்க்கவே இல்லை. வால் குழல் குட்டை. டெங்குக் கொசு. பூந்தொட்டித் தட்டின் சுத்தமான தண்ணீரில் வேறு எது முட்டை வைக்கும்?

வாளியைக் கொட்டிவிட்டேன். இப்போது சந்தை நீர்ப்பூச்சிகளைக் கழுவிக் கழுவிக் கொடுக்கிறேன். ஆனால் வார்டுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் வீடு முழுக்கப் புகை போடுவார்கள், பாட்டில்களைக் கொட்டுவார்கள். போனை நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் வைத்துவிட்டேன். சுவரில் ஒரு கொசுவைப் பார்த்தால் காலில் வெள்ளை வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இன்று காலை அக்கா இட்லித் தட்டோடு வந்து, முழங்கையைச் சொறிந்துகொண்டே பேசினார். அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன பேசினார் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

என்ன செய்யட்டும், சொல்.

அக்‌ஷயா


குதிரைக்கல்
1 செப்டம்பர் 2025

அக்‌ஷயா,

பயம் வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகுமா? கொசு பிறக்கும்போதே நோயோடு பிறப்பதில்லை. அநேகமாக இல்லவே இல்லை. காய்ச்சல்காரரைக் கடிக்க வேண்டும், பத்து நாள் கழிய வேண்டும், அதுவரை அது பல்லி வாய்க்குத் தப்பி இருக்க வேண்டும். உன் தெருவில் ஊர்ப்பட்ட கொசு. அதில் உன் கொசு எது என்று கடவுளுக்கும் தெரியாது.

வாளியைக் கொட்டிவிட்டாய், முடிந்தது. யாரிடமும் சொல்லாதே. சொல்லி என்ன ஆகப்போகிறது? பாட்டில்கள்தான் போகும். நான் மேற்குச் சரிவு முழுக்க ஏறி இறங்கிவிட்டேன், ஒரு நூலி இல்லை. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அவற்றைக் காப்பாற்று.

செல்வராணி


லேக் கார்டன்ஸ்
6 செப்டம்பர் 2025

ராணி,

ராஜலக்ஷ்மி அக்காவுக்கு டெங்கு.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். நான் அப்போதே தெரிந்துகொண்டேன், ஆனாலும் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேற்று பிளேட்லெட் நாற்பதாயிரம், இன்று காலை இருபத்திரண்டாயிரம். பரமசிவம் சார் கடையைப் பூட்டிவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார். கடை பூட்டி நான் பார்த்ததே இல்லை.

தேதிகளைக் காலண்டரில் எழுதிப் பார்த்தேன். பதினெட்டு, அதோடு கொசுவுக்குள் பத்து நாள், அதோடு கடித்தபின் காய்ச்சல் வர நாலு. செப்டம்பர் ஒன்று. சரியாக வருகிறது. வராமல் இருக்கவேண்டும் என்று மூன்று தடவை கூட்டினேன்.

ஐந்தாம் பாட்டில் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. குச்சியில் ஏறி, தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. உனக்குத் தெரியும் அது என்ன என்று. இன்றோ நாளையோ வெளியே வரும். அதற்காகத்தான் இன்றும் வார்டுக்குப் போன் செய்யவில்லை. எழுதிய பிறகு இந்த வரியைப் படித்தேன். என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்‌ஷயா


குதிரைக்கல்
13 செப்டம்பர் 2025

அக்‌ஷயா,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் ஒன்றாம் தேதி எழுதியதைக் கிழித்துப் போடு. கொசு வளர்க்கச் சொன்னவள் நான், யாரிடமும் சொல்லாதே என்றவளும் நான். எவள் வீட்டில் எவளுக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று இருந்திருக்கிறேன். மலை மேல் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

வார்டுக்குச் சொல். பாட்டில் போனால் போகட்டும். வீட்டுக்காரரிடம் சொல். என் பெயரையும் சேர்த்துச் சொல். அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று எழுது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவர் என்று ஆரம்பித்தேன். அதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பைக்காகக் காத்திருக்கப் போவதில்லை. நாளை பதினாறு கிலோமீட்டர் நடந்து சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போய் உன்னைக் கூப்பிடுகிறேன்.

செல்வராணி


லேக் கார்டன்ஸ்
22 செப்டம்பர் 2025

ராணி,

போனில் உனக்கு "அக்கா பிழைத்துவிட்டார்" என்ற ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கும். அதற்குள் லைன் போய்விட்டது. மிச்சத்தை எழுதுகிறேன்.

ஏழாம் தேதி விடிகாலையில் ஐந்தாம் பாட்டில் வெளியே வந்தது. முதுகு பிளந்து, வெளுத்த ஈரத் துணிபோல் ஒன்று இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் கறுத்தது. கணுவுக்குக் கணு வெள்ளை. ஆண். வால் நுனிக் கொக்கிகளை லென்ஸில் பார்த்தேன், நம் நூலிதான். நீ சொன்னது சரி. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. போனை எடுத்து வார்டுக்குச் சொன்னேன். நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது, அதையும் அந்தப் பூச்சி வந்த பிறகுதான் செய்தேன்.

அதே இரண்டு பெண்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தவள் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இது ஃபொரிங் குட்டி இல்லையா? கொசுவைத் தின்னுமே. இதை ஏன் கொட்டப்போகிறோம்?" என்றாள். தும்பிக்கு இங்கே ஃபொரிங் என்று பெயர். பாட்டில்களை மூடி வேறு வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டு, புகை போட்டாள். போகும்போது, "போன மாதம் வந்தோமே, அப்போதே திறந்து காட்டியிருந்தால் வாளியை மட்டும் கொட்டிவிட்டுப் போயிருப்போம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராண்டாவில் பரமசிவம் சாரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட சொல்லிட்டல்ல. சரி. அவகிட்ட மட்டும் சொல்லிராதம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"சொல்லாத. அவ்வளவுதான்."

எனக்கு அது புரியவில்லை. என்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் தேதி அக்கா வீட்டுக்கு வந்தார். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறுகிறது. தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொந்தத் தங்கச்சி செய்ய மாட்டா" என்பார். ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் திருடிபோல் இருந்தது. உன் கடிதமும் வந்தது, சொல் என்றாய். நேற்று, இனி தாங்காது என்று, கட்டிலருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூந்தொட்டித் தட்டு, வாளி, வலை, போன் செய்யாத இருபது நாள்.

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணுங்க மேல வந்திருந்தா வாளியக் கொட்டிருப்பாங்க, இல்ல?"

ஆமாம் என்றேன். என்ன கேட்கிறார் என்று புரிவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

"அப்ப நாந்தான் விடல."

"இல்லக்கா, நீங்க எனக்காகத்தான..."

"பக்கத்து வீட்டு தாஸ் பாபு எப்படி இருக்காரு?"

ராணி, தாஸ் பாபுவுக்கு எழுபது வயது. அவருக்கும் அவர் மருமகளுக்கும் அதே வாரம் காய்ச்சல் வந்தது. மருமகள் தேறிவிட்டாள். அவர் இன்னும் ஐசியூவில் இருக்கிறார். காய்ச்சல் வந்தது அக்காவுக்குத் தெரியும், ஐசியூவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பரமசிவம் சார் ஏன் சொல்லாதே என்றார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்மேல் இரக்கப்பட்டு அல்ல. தன் மனைவி எப்படி யோசிப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா நேற்றிரவு சாப்பிடவில்லை, தூங்கவில்லை. விடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டில் கதவு சத்தம் கேட்கிறதா, ஆட்கள் கூடியிருக்கிறார்களா, பார்த்துவிட்டு வா என்றார். மத்தியானத்துக்குள் ஐந்து தடவை அனுப்பிவிட்டார். ஒரு மாதமாக நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கிறார். நான் இறக்கி வைத்துவிட்டு வந்தேன், அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

பாட்டிலில் மிச்சம் எட்டும் நன்றாக இருக்கின்றன. அந்த ஆண் நூலியைப் பதப்படுத்தி, அது உரித்த தோலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். விவேக் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போகட்டும்.

நாளை காலை தாஸ் பாபு வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறோம். நான் மட்டும் போகிறேன் என்றேன், அக்கா கேட்கவில்லை. "பொய் சொன்னது நானு. நீ எப்படி அதச் சொல்லுவ?" என்கிறார். பத்தடி நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வாசல் வரை வர முடியும்.

அக்‌ஷயா